சின்ன நர்சிங் ஹோமுக்கு என்ன மாதிரி சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும்) பயிற்சி தேவை?

கேள்வி: வில்லிவாக்கம் பக்கம் 20 படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமை நிர்வகிக்கிறேன். பிரசவம், சின்னச் சின்ன ஆபரேஷன், காய்ச்சல், சர்க்கரை நோய் என்று எல்லாம் கலந்து வரும். என்.ஏ.பி.எச். (ஆஸ்பத்திரித் தரத்துக்கான தேசிய வாரியம்) நுழைவுநிலைச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். இரண்டு சீனியர் சிஸ்டர்களை பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேல்நிலை இதய உயிர்காப்பு) வகுப்புக்கு அனுப்பினால் போதுமா? மற்ற ஊழியர்களுக்கு என்ன சொல்லித்தருவது? இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் வாங்குவதா, என்ன செய்ய வேண்டும் என்று தானே சொல்லும் ஏ.இ.டி. வாங்குவதா?

பதில்:

அந்த இரண்டு சிஸ்டர்களையும் கண்டிப்பாக அனுப்புங்கள். ஆனால் அதோடு பயிற்சி முடிந்தது என்று ஃபைலை மூடிவிடாதீர்கள். நோயாளிக்கு இதயம் நிற்கும் நேரத்தில் அந்த இருவரில் ஒருவர் பகல் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார், இன்னொருவருக்கு வார விடுமுறையாக இருக்கும். அன்றைக்கு மாடியில் இருப்பது போன மாதம் சேர்ந்த பெண்ணும் ஒரு ஆயாம்மாவும்தான். பயிற்சித் திட்டத்தை அந்தப் புதுப் பெண்ணையும் ஆயாம்மாவையும் மனதில் வைத்துப் போட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். அட்டைகள் 2 வருடம் செல்லும். கையில் இருக்கும் திறமை அவ்வளவு நாள் தாங்காது. பயிற்சி முடிந்த 3 முதல் 6 மாதத்துக்குள்ளேயே அழுத்தத்தின் ஆழமும் வேகமும் சரிய ஆரம்பித்துவிடும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது. அடுத்தது, நன்றாகத் தேறிய சிஸ்டர் உங்களிடம் எத்தனை வருடம் இருப்பார்? எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் பாஸானால் அரசு வேலை, இல்லையென்றால் வளைகுடா. அவர் போகும்போது அட்டையும் கூடவே போய்விடும்.

எந்த வகுப்பு யாருக்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டியூட்டி டாக்டர்கள் எல்லோருக்கும் ஏ.சி.எல்.எஸ்., நர்ஸ்கள் எல்லோருக்கும் பி.எல்.எஸ். இந்திய மயக்கவியல் நிபுணர்கள் முன்னின்று உருவாக்கிய இந்திய ரீசசிட்டேஷன் கவுன்சிலின் வகுப்புகளும் உண்டு. அதில் சி.சி.எல்.எஸ். என்பது ஆஸ்பத்திரிக்குள் இதயம் நிற்கும் நிலைக்காகவே எழுதப்பட்டது. நம் ஊர் ஆள் பலம், வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதால் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். அதே கவுன்சில் பொதுமக்களுக்காக வகுத்த சி.ஓ.எல்.எஸ். முறையில் வாயால் ஊதுவது கிடையாது, அழுத்தம் மட்டும்தான். உங்கள் ஆயாம்மா, வார்டு பாய், வாட்ச்மேன், பார்மசி ஆள், ரிசப்ஷன் பெண் எல்லோருக்கும் அது போதும். ஒரு மதிய வேளையில் முடிந்துவிடும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். வகுப்பறையில் பொம்மை தரையில் படுத்திருக்கும், சுற்றிலும் இடம் இருக்கும், எல்லாப் பொருளும் மேஜை மேல் வரிசையாக இருக்கும். உங்கள் கட்டடம் அப்படி இல்லை. அதனால் பாதி உடல் பொம்மை ஒன்றைச் சொந்தமாக வாங்கி, மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், காலியாக இருக்கும் ஒரு ரூம் கட்டிலில் படுக்க வைத்து பெல்லை அடியுங்கள். 15 நிமிடம் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அது இரவு டியூட்டியில் நடக்கட்டும்.

முதல் முறை என்னவெல்லாம் வெளியே வரும் என்று கிட்டத்தட்ட இப்போதே சொல்லிவிடலாம். கட்டில் சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருக்கும், தலைமாட்டில் ஆள் நிற்க இடம் இருக்காது. ஃபோம் மெத்தை அழுத்த அழுத்த உள்ளே போகும், நெஞ்சு அழுந்தாது. அதற்கென்று வைத்த பலகை ஐ.வி. ஸ்டாண்டுகளுக்குப் பின்னால் எங்கோ இருக்கும். சிஸ்டருக்குக் கட்டில் உயரம் எட்டாது. முழங்கை மடிந்து, தோள் பலம் இல்லாமல் வெறும் கையால் அமுக்குவார். நோயாளி ஏறி இறங்க வைத்திருக்கும் படி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இது யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றாது, பழகினால்தான் வரும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், அதைத் திறக்கும் சாவி இருக்காது. சாவியை ஒரு நாடாவில் கட்டி சிலிண்டர் கழுத்திலேயே மாட்டிவிடுங்கள். ஒரு இடத்தில் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) ஓ.டி.க்குள் (ஆபரேஷன் தியேட்டர்) வைத்துப் பூட்டியிருந்தது. சாவி டெக்னீஷியனிடம், டெக்னீஷியன் ஆவடியில்.

இதெல்லாம் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை. ஊழியர்களைத் திட்டுவதற்கு அல்ல. முதல் ஒத்திகையில் மேனேஜ்மென்ட் ஆள் நின்று குறை சொன்னால், இரண்டாவது ஒத்திகையில் எல்லோரும் பாத்ரூமில் இருப்பார்கள்.

இரவில் உங்களிடம் அதிகபட்சம் ஐந்து பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம்: இரண்டு சிஸ்டர், ஒரு டியூட்டி டாக்டர், ஒரு ஆயாம்மா, ஒரு வாட்ச்மேன். யார் எதைச் செய்வது என்பது டியூட்டி மாறும்போதே முடிவாகியிருக்க வேண்டும். நோயாளியைப் பார்த்த சிஸ்டர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. தோளைத் தட்டிக் கூப்பிட்டு, மூச்சையும் கழுத்து நாடியையும் 10 விநாடிக்கு மேல் தேடாமல், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே அழுத்த ஆரம்பிக்க வேண்டும். டாக்டரைக் கூட்டிவர மாடிப்படி இறங்கி ஓடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஓட வேண்டியது ஆயாம்மா. இரண்டாவது சிஸ்டர் கிராஷ் கார்ட்டோடும் (அவசர மருந்து வண்டி) டிஃபிப்ரிலேட்டரோடும் வருவார். டாக்டர் தலைமாட்டுக்குப் போய் மூச்சுப் பாதையைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்தே எல்லோருக்கும் சொல்லலாம். வாட்ச்மேன் லிஃப்ட்டைப் பிடித்து வைப்பது, கேட்டைத் திறப்பது, கூட்டத்தை விலக்குவது என்று இருப்பார். அழுத்தத் தெரிந்திருந்தால் முறை போட்டு அவரும் அழுத்தலாம். நடுத்தர வயது வாட்ச்மேன்கள் பெரும்பாலும் நன்றாகவே அழுத்துகிறார்கள்.

இதயம் நின்றவரிடம் சில நிமிடம் வரை ஒரு மாதிரி இழுப்பு மூச்சு இருக்கும். வாயைத் திறந்து திறந்து மூடுவார், தாடை அசையும், இடையில் ஒரு கொர்ர் சத்தம். சொந்தக்காரர்கள் ‘மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு’ என்பார்கள், புது சிஸ்டரும் அதை நம்பி பி.பி. கஃப் கட்டிக்கொண்டிருப்பார். அது மூச்சு அல்ல. ஆள் அசையவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்தத்தை ஆரம்பிக்க வேண்டியதுதான். இதை ஒரு வீடியோவில் காட்டிவிடுங்கள். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

அழுத்தத்தின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், ‘எனக்கு அலுப்பு இல்லை’ என்று அவர் சொன்னாலும் மாற்றுங்கள், ஏனென்றால் அலுப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். எண்ணுவதில் ஒரு சின்ன விஷயம்: ‘பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது’ என்று தமிழில் எண்ணினால் நாக்கு இழுக்கும், கையும் கூடவே மெதுவாகும். ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்லுங்கள். மணிப்பூர், மிசோரம் பக்கத்திலிருந்து வந்த சிஸ்டர்கள் இருந்தால் ஆங்கிலத்தில் எண்ணட்டும். எந்த மொழி என்றாலும் வாய்விட்டு எண்ண வேண்டும்.

ஆம்பு பேக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டும்போது வால்வைத் தலைகீழாகவோ, உள்ளே இருக்கும் ரப்பர் தகடு இல்லாமலோ மாட்டி வைத்திருப்பார்கள். அமுக்கினால் காற்று நோயாளி பக்கம் போகாது. ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், பை கெட்டியாக எதிர்க்க வேண்டும். பின்னால் இருக்கும் ரிசர்வாயர் பை பல இடங்களில் தொலைந்துபோயிருக்கும். அது இல்லாவிட்டால் ஆக்சிஜன் இணைத்திருந்தும் பாதி அளவுக்குத்தான் போகும். அடுத்து, பதற்றத்தில் எல்லோரும் பையை வேகவேகமாக அமுக்குவார்கள். நெஞ்சு லேசாக எழுந்தால் போதும். மூச்சுப் பாதையில் குழாய் போட்ட பிறகு 6 விநாடிக்கு ஒரு மூச்சு. அதிகமாக ஊதினால் வயிறு உப்பும், வாந்தி வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். மாஸ்க் சரியாக ஒட்டவில்லை என்றால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பையை அமுக்கட்டும். டியூட்டி டாக்டருக்குக் குழாய் போடுவதில் கை தேறவில்லை என்றால் அழுத்தத்தை நிறுத்திவிட்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆம்பு பேக் போதும்.

மருந்து விஷயத்தில் நம் நர்சிங் ஹோம்களில் பழைய பழக்கங்கள் ரொம்பவே ஊறிப்போயிருக்கின்றன. இதயம் நின்றவருக்கு அட்ரோபின், டெரிஃபிலின், டெக்ஸா, சோடா பைகார்ப் என்று வரிசையாக உடைத்து ஏற்றுவதை இன்றும் பார்க்கிறேன். இதய மின்னோட்டமே இல்லாத நிலைக்கு அட்ரோபின் கொடுப்பது 2010 வழிகாட்டுதலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பைகார்பும் வழக்கமாகக் கொடுக்க வேண்டியது இல்லை. முக்கியமான மருந்து அட்ரினலின்: 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஷாக் கொடுத்தும் அடங்காத வி.எஃப்.க்கு (இதயம் ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கும் நிலை) அமியோடரோன் 300 மி.கி., தேவைப்பட்டால் பிறகு 150. கிராஷ் கார்ட் மேல் தட்டில் அட்ரினலின் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். நார்அட்ரினலினை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். பொட்டாசியம் குளோரைடு கார்ட்டிலேயே இருக்கக் கூடாது.

உங்களைப் போன்ற இடத்தில் தவிர்க்க முடிந்த மரணம் எது என்று என்னைக் கேட்டால், ஊசி போட்டதும் வரும் கடும் அலர்ஜியைத்தான் முதலில் சொல்வேன். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், பி.பி. இறக்கம். உடனே சிஸ்டர் கை போவது அவில் (அலர்ஜி மருந்து), எஃப்கார்லின் (ஸ்டீராய்டு) பக்கம். அவை இரண்டும் உயிரைக் காப்பாற்றும் முதல் மருந்து அல்ல. பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது நம் கடைகளில் கிடைக்கும் 1 மி.லி. ஆம்பூலில் பாதி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். காலைத் தூக்கி வைத்து, ஆக்சிஜன், சலைன். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு முறை. இதற்கு டாக்டர் வரும்வரை சிஸ்டர் காத்திருக்கத் தேவையில்லை என்று உங்கள் கன்சல்டன்ட் கையெழுத்திட்ட நிலையான உத்தரவை வார்டில் ஒட்டுங்கள். டெஸ்ட் டோஸ் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் நோயாளியை விட்டுவிட்டு அடுத்த ரூமுக்குப் போவதும் ஆபத்து. மாதாந்திர ஒத்திகைகளில் பாதியை இதற்கே ஒதுக்கினாலும் தப்பில்லை. அதேபோல், மயங்கிக் கிடக்கும் சர்க்கரை நோயாளிக்கு முதலில் விரல் நுனியில் சுகர் பார்ப்பதும் கைப்பழக்கமாக வர வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குள் இதயம் நிற்பது பெரும்பாலும் திடீரென்று வருவது இல்லை. சில மணி நேரம் முன்பிருந்தே நாடி, மூச்சு, பி.பி., நினைவு ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதில் அதிகம் ஏமாற்றப்படுவது மூச்சு எண்ணிக்கை. உங்கள் கேஸ் ஷீட்டுகளை இன்று எடுத்துப் பாருங்கள். நிமோனியா நோயாளிக்கும் 20, கண் ஆபரேஷன் செய்தவருக்கும் 20. யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் ‘நியூஸ்’ மதிப்பெண் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3 மதிப்பெண், மேல் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழே என்றால் 3, புதிதாக வந்த குழப்பத்துக்கு 3. மொத்தம் 5-ஐத் தொட்டால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும், 7 என்றால் அவசரம். ராத்திரி கன்சல்டன்ட்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தயங்கும் சிஸ்டருக்கு ‘சார், ஸ்கோர் 7’ என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

பிரசவ வார்டுக்கு இரண்டு விஷயம் கூடுதலாகத் தேவை. தொப்புள் உயரத்துக்கு வயிறு உள்ள கர்ப்பிணிக்கு இதயம் நின்றால், ஒருவர் கர்ப்பப்பையை இடது பக்கம் கையால் தள்ளிப் பிடித்திருக்க, படுக்க வைத்தே அழுத்த வேண்டும். இதயம் திரும்பவில்லை என்றால் 5 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுக்கும் நோக்கில் அதே இடத்தில் சிசேரியன், ஓ.டி.க்குத் தள்ளிக்கொண்டு போக நேரம் இல்லை. பச்சிளம் குழந்தைக்குக் கணக்கு வேறு: அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் மூச்சுதான், அதுவும் முதல் நிமிடத்துக்குள். அழுத்தம் தேவைப்பட்டால் 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு. மத்திய அரசு 2009-ல் தொடங்கிய நவஜாத சிசு சுரக்ஷா பயிற்சி இதற்காகவே வந்தது. பிரசவம் பார்க்கும் சிஸ்டர்களுக்கு அது தனியாக வேண்டும், பி.எல்.எஸ். அதை ஈடு செய்யாது.

மின்சாரம் போனால் என்ன என்பதையும் ஒரு ஒத்திகையில் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதற்குத் தனியாகக் காரணம் சொல்லத் தேவையில்லை. காலால் மிதிக்கும் சக்‌ஷன் ஒன்று, நல்ல டார்ச் ஒன்று, குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப்புக்கு மாற்று செல். செலவு அதிகம் இல்லை.

இன்னொரு பழக்கம், ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்’ என்பது. நாடி இல்லாதவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, குறுகலான மாடிப்படியில் சாய்த்து இறக்கி, ஆம்புலன்ஸில் போட்டு அண்ணா நகர் வரை போவதற்குள் என்ன ஆகும்? ஷாக் தேவைப்படும் வகையில் இதயம் நின்றிருந்து, யாரும் அழுத்தவும் இல்லை என்றால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஓடும் வண்டியில் யாராலும் ஒழுங்காக அழுத்த முடியாது. நின்ற இடத்திலேயே செய்து, நாடி திரும்பிய பிறகுதான் நகர்த்த வேண்டும். 108-க்கோ தனியார் ஆம்புலன்ஸுக்கோ போன் செய்வதும், எடுத்துக்கொள்ளப் போகும் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. படுக்கை உண்டா என்று கேட்பதும் அதே நேரத்தில் இன்னொருவர் செய்யட்டும். இது சொந்தக்காரர்களுக்குப் புரியாது, ‘வெச்சு இழுக்கறாங்க’ என்று சத்தம் வரும். அதனால் ஒத்திகையிலேயே ஒருவரை, நல்லபடியாகப் பேசத் தெரிந்த ஒருவரை, குடும்பத்தோடு நிற்கப் பழக்குங்கள். ரிசப்ஷன் பெண்ணாகக்கூட இருக்கலாம். என்ன நடக்கிறது என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போய்ச் சொன்னாலே பாதிக் கோபம் அடங்கும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதிய குறிப்பு எங்கும் நிற்காது.

எல்லோருக்கும் சி.பி.ஆர். செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முற்றிய புற்றுநோயில் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு அது வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவெடுப்பதற்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சிகிச்சை கொடுக்கும் டாக்டர் நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசி, கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால் ராத்திரி டியூட்டி சிஸ்டர்தான் மாட்டிக்கொள்வார்.

கடைசியாக மெஷின். ஆஸ்பத்திரிக்குள் இதயம் நிற்கும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை ஷாக் தேவைப்படாத வகை, அதனால் பட்ஜெட்டில் முதல் இடம் ஆக்சிஜன், ஆம்பு பேக், பொம்மை, மானிட்டருக்கு. அதற்கு அடுத்து, உங்களுக்கு நான் சொல்வது ஏ.இ.டி. மோடும் சேர்ந்த பைஃபேசிக் (மின்னோட்டம் இரு திசையிலும் பாயும்) டிஃபிப்ரிலேட்டர். வார்டில் அதை எப்போதும் ஏ.இ.டி. மோடிலேயே வையுங்கள். ஈ.சி.ஜி. படிக்கத் தெரியாத சிஸ்டரும் ஒட்டி, மெஷின் சொல்வதைக் கேட்டு, எல்லோரையும் விலகச் சொல்லி, ஷாக் கொடுத்துவிடலாம். டாக்டர் வந்ததும் மேனுவலுக்கு மாற்றிக்கொள்வார். வாங்கும்போது ஒட்டும் பேடின் விலை, காலாவதித் தேதி, சென்னையில் சர்வீஸ் ஆள் எவ்வளவு நேரத்தில் வருவார் என்று கேளுங்கள், இரண்டு செட் பேட் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தினமும் காலை சோதனை ஷாக் கொடுத்து அந்தத் தாள் துண்டை ரிஜிஸ்டரில் ஒட்டச் சொல்லுங்கள். என்.ஏ.பி.எச். ஆள் வந்தால் அந்த ரிஜிஸ்டரையும் பார்ப்பார், வார்டில் நிற்கும் யாரையாவது கூப்பிட்டு ‘அழுத்திக் காட்டும்மா’ என்றும் கேட்பார்.